முதலில் யாரைப் பார்ப்பது?

2009 டிசம்பர் கடைசி வாரம். தில்லியில் பனியும் புகையும் ஒன்றாகக் கலந்து ஊரே பீடி பிடிப்பது போலத் தோன்றும் பருவம். தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில், ஆண்கள் மெடிக்கல் வார்டில், என் அப்பா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் சிகரெட் புகைத்த நுரையீரல். ஒவ்வொரு குளிர்காலமும் அவருக்கு ஒரு பரீட்சை. அந்த வருஷக் கேள்வித்தாள் கடினமாக இருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். தலைக்கு மேலே சுவரில் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் மிதக்கும் சின்ன உருண்டை, கீழே ஒரு குமிழ். உருண்டை 2 என்ற கோட்டில் நின்றது. குழலில் 15 வரை கோடுகள் இருந்தன.

இரவு 1 மணிக்கு அந்தக் குமிழைத் திருகியது நான்தான்.

15 வரை கொடுக்க வசதி இருக்கும்போது 2-இல் நிறுத்திவைத்திருப்பது அரசாங்கக் கஞ்சத்தனம் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மைத்துனர், நான்கு நாளாக அங்கேயே குடியிருப்பவர், வார்டு அனுபவத்தில் எனக்கு சீனியர், தலையை ஆட்டி ஆமோதித்தார். உருண்டையை 6-க்கு ஏற்றினேன். அரை மணியில் அப்பாவின் பதற்றம் அடங்கியது. முகம்கூடச் சற்றுச் சிவந்து களையாகத் தெரிந்தது. பிறகு தூங்கிவிட்டார். இரண்டு நாளாகக் கண்மூடாத மனிதர் தூங்குகிறாரே என்ற நிம்மதியில் நானும் ஸ்டூலில் சாய்ந்தேன்.

இரண்டரை மணிக்கு டியூட்டி நர்ஸ் வந்தார். கோட்டயம் பக்கத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. கேஸ் ஷீட்டைப் புரட்டவில்லை. அப்பாவின் தோளைத் தட்டி, "பாபுஜி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் பலமாகக் கூப்பிட்டார். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. கையைப் பிடித்துப் பார்த்தார். அந்தக் குளிரிலும் உள்ளங்கை சூடாக இருந்தது, நாடி துள்ளிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. உருண்டை கீழே இறங்கியது; ஆனால் குமிழை ஒரேயடியாக மூடிவிடவில்லை. விரலில் ஒரு கருவியை மாட்டி அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். படுக்கையின் தலைப்பக்கம் உயர்ந்தது. டியூட்டி டாக்டர் எழுப்பப்பட்டார். மணிக்கட்டில் குத்தி எடுத்த ரத்தத்தில் கரியமில வாயு 40 இருக்கவேண்டிய இடத்தில் 80-ஐத் தாண்டியிருந்தது. மூச்சுக்குக் கைகொடுக்கும் இறுக்கமான முகமூடி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து பொருத்தினார்கள். விடிகாலையில் அப்பா கண் விழித்து, முகமூடியை விலக்கச் சொல்லிச் சைகை காட்டி, டீ கேட்டார். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தார். அவர் போனது வேறு காரணத்தால்.

இந்த விஷயத்தை அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

நான் செய்தது என்ன என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நாள்பட்ட நுரையீரல் நோயில் சேதமான பகுதிகளுக்கு ரத்தத்தை அனுப்பாமல் உடல் தானாகவே மடை கட்டி வைத்திருக்கிறது. ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்ததும் அந்த மடை திறந்துகொள்கிறது. காற்றோட்டமே இல்லாத இடங்களுக்கு ரத்தம் பாய்ந்து, கரியமில வாயுவைக் கழிக்காமல் திரும்பி வருகிறது. மூச்சுவிடச் சொல்லும் உந்துதலும் ஓரளவு மந்தமாகிறது. கரியமில வாயு ஏறஏற நோயாளி மயங்குகிறார். பார்ப்பவர்களுக்கு அது தூக்கம். டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட 405 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2010-இல் வெளியிட்டார்கள். தாராளமாக ஆக்ஸிஜன் பெற்றவர்களில் 9 சதவிகிதம் பேர் இறந்தார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88-க்கும் 92-க்கும் இடையில் நிற்குமாறு அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவிகிதம். மருந்து ஒன்றுதான். குமிழ்தான் வித்தியாசம்.

கோவிட் காலத்துக்குப் பிறகு விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஓரளவு வசதியான வீடுகளில் தெர்மாமீட்டர் மாதிரி ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் 95-க்குக் கீழே போனால் ஆபத்து என்று 2021-இல் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டோம். இந்த நோயாளிக்கு அந்தப் பாடம் பொருந்தாது. அவருக்கு 90 என்பது நல்ல மார்க். தவிர, அந்தக் கருவி கரியமில வாயுவைக் காட்டாது. 98 காட்டிக்கொண்டே ஒருவர் மயக்கத்துக்குள் போகமுடியும். அதைக் கண்டுபிடிக்க அவரைத் தட்டி எழுப்பிப் பார்க்கிற ஓர் ஆள் வேண்டும்.

மருத்துவமனையில் சீனியர் டாக்டர் ஒரு படுக்கை அருகே நிற்பது நான்கைந்து நிமிஷம். சில இடங்களில் அதுகூட இல்லை. நாளின் மிச்சம் முழுவதும் நர்ஸுடையது. இதயம், நுரையீரல், பக்கவாதம் ஆகிய மூன்று நோய்க்காரர்களும் பெரும்பாலும் ஒரே மெடிக்கல் வார்டில் அடுத்தடுத்துப் படுத்திருப்பார்கள். மூவரும் பார்வைக்கு ஒரே மாதிரி தவிப்பார்கள். ஆனால் ஒருவருக்குச் செய்யவேண்டியதை இன்னொருவருக்குச் செய்தால் ஆபத்து. யாருக்கு எது முதலில் என்ற தீர்மானம், டாக்டர் வந்துசேர்வதற்கு முன்பே, வெள்ளைச் சீருடையில் இருக்கும் ஒரு பெண்ணின் தலைக்குள் நடக்கிறது. நம் மருத்துவமனைகள் இந்தத் தீர்மானத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. சம்பளமும் போடுவதில்லை.

இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி என்று ஒருவர் சொன்னால் 10 நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுத்திருக்கவேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. நம் ஊரில் அந்த 10 நிமிஷத்தைத் தின்பது பெரும்பாலும் 'கேஸ் டிரபிள்' என்ற இரண்டு வார்த்தை. சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வேர்வையும் மூச்சுவாங்கலும் மட்டும் வரலாம். நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பதற்கு முன் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பதும், கழிப்பறைக்கு நடந்து போகிறேன் என்கிறவரைத் தடுத்துப் படுக்கையிலேயே பாத்திரம் வைப்பதும் பெரிய மருத்துவமாகத் தோன்றாது. உயிர் போவதும் இருப்பதும் பல சமயம் அங்கேதான். ஆக்ஸிஜனை எல்லா மாரடைப்புக்காரருக்கும் மாட்டுவது ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்யப்பட்டது. ஸ்வீடனில் 6,629 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் 90-க்கு மேல் இருப்பவர்களுக்கு அதனால் உயிர்ப் பயன் எதுவுமில்லை என்று 2017-இல் காட்டியது. இங்கேயும் குமிழ்.

மாரடைப்பைவிட நர்ஸின் பொறுமையை அதிகம் சோதிப்பது இதயம் தளர்ந்து உடம்பில் நீர் கோத்துக்கொண்டவரின் பராமரிப்பு. இவரைப் படுக்கவைத்தால் மூழ்குவார். நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைக் கீழே தொங்கவிட்டால் பாதி மூச்சு உடனே திரும்பும். லாசிக்ஸ் ஊசி போட்ட பிறகு எத்தனை மில்லி சிறுநீர் போனது என்பது எழுதப்படவேண்டும். தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மெஷினில் எடை பார்க்கவேண்டும். ஒரு லிட்டர் நீர் என்பது ஒரு கிலோ. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டின் கைங்கரியம் இல்லை, நீர் சேர்கிறது. கால் வீங்குவதற்கு முன்பே, மூச்சு முட்டுவதற்கு முன்பே எடை மெஷின் சொல்லிவிடும். நான் பார்த்த எத்தனையோ வார்டுகளில் அந்த மெஷின் கிடையாது, அல்லது முள் 6 கிலோவில் உறைந்து ஒரு மூலையில் இருக்கும்.

இதற்கு நடுவே உறவினர்களின் உபயம் வேறு. 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பாக இருக்கும்' என்று கேட்காத குடும்பம் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை கிடையாது. நீரை வெளியேற்ற மருந்து ஓடிக்கொண்டிருக்கும் உடம்புக்கு மறு கையில் பாட்டில் நீர். வேகமாக ஏறினால் ஒரே பாட்டில் போதும், நுரையீரல் நிரம்ப. சொட்டின் வேகத்தை எண்ணி நிதானப்படுத்துவது நர்ஸின் வேலை. அவர் நகர்ந்ததும் 'சீக்கிரம் முடியட்டும்' என்று சக்கரத்தைத் தள்ளிவிடுவது நம் வேலை. அப்பளமும் ஊறுகாயும் தலையணைக்கு அடியில் இருந்து வெளிப்படும் கதை தனி.

பக்கவாதத்தில் முதல் கேள்வி, 'எப்போது விழுந்தார்?' என்பதல்ல. 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?' என்பது. தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்குக் கடிகாரம் அவர் படுக்கப்போன நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். இந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி, விரலில் குத்திச் சர்க்கரையையும் பார்த்துவிட்டால் (சர்க்கரை தாழ்ந்தவரும் வாய் கோணிக் கை விழுந்து பக்கவாதம் போலவே வருவார்) ஸ்கேன் அறைக்குப் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ரத்த அழுத்தம் 200 என்று பார்த்ததும் அதைச் சடாரென்று இறக்கிவிடக்கூடாது. அடைப்புக்கு அப்பால் பட்டினி கிடக்கும் மூளைக்கு அந்த அழுத்தம்தான் சோறு போடுகிறது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை உடைத்து ஊற்றிப் பிரஷரை இறக்குவது ஒரு காலத்தில் கெட்டிக்கார நர்ஸிங் ஹோம்களின் வாடிக்கையாக இருந்தது. அது கைவிடப்பட்டது நல்லதற்கே.

ஆனால் பக்கவாதக்காரரைப் பெரும்பாலும் வீழ்த்துவது அடைபட்ட ரத்தக் குழாயோடு நிற்பதில்லை. இரண்டாம் நாள் மூன்றாம் நாள் வரும் காய்ச்சல்தான் ஆளைக் கொண்டுபோகிறது. அதன் ஊற்று ஒரு ஸ்பூன். வடக்கே கங்கா ஜலம், நம் பக்கம் காபி, வங்காளத்தில் பால்பார்லி, எல்லா ஊரிலும் அன்பு. தொண்டைத் தசையும் சேர்ந்து செயலிழந்திருப்பது வெளியே தெரியாது. ஊற்றியது நுரையீரலுக்குள் இறங்கும். சிலருக்கு இருமல்கூட வராது, அதுதான் கொடுமை. 'நன்றாகத்தான் குடித்தார் சிஸ்டர்' என்பார்கள். எனவே விழுங்கும் சக்தியைச் சோதிக்கும் வரை வாய் வழியே எதுவும் கிடையாது, மாத்திரைகூடக் கிடையாது. சோதிப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். நிமிர்த்தி உட்காரவைத்து, விழிப்போடு இருக்கிறாரா என்று பார்த்து, ஒரு டீஸ்பூன் தண்ணீர். குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல மாறுகிறதா, இருமுகிறாரா, வாயோரம் வழிகிறதா? முறையாகக் கற்றுக்கொண்ட ஒரு நர்ஸ் சில நிமிஷங்களில் முடித்துவிடுவார்.

இந்த எளிய காரியங்களின் கனம் எவ்வளவு என்று ஆஸ்திரேலியாவில் அளந்து பார்த்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளில் சிலவற்றில் நர்ஸ்களுக்கு மூன்று விஷயங்களில் பயிற்சியும் எழுத்தில் நடைமுறையும் தரப்பட்டன. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல். 37.5 டிகிரியைத் தாண்டினாலே பாராசிட்டமால், சர்க்கரை ஏறினால் உடனே சிகிச்சை, சோதிக்காமல் வாயில் எதுவும் இல்லை. இவ்வளவுதான். 2011-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பழைய முறையில் பார்க்கப்பட்டவர்களில் 58 சதவிகிதம் பேர் இறந்தோ பிறரை நம்பியோ இருந்தார்கள். நர்ஸ்கள் புதிய முறையைக் கையாண்ட இடங்களில் 42 சதவிகிதம். கோடி ரூபாய் மருந்து ஒன்று இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் அதன் கம்பெனி பங்கு விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

இந்தியாவிலும் ஓர் ஆய்வு நடந்தது. இதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 14 மருத்துவமனைகள், 1,250 பக்கவாத நோயாளிகள். வழக்கமான சிகிச்சையோடு, வீட்டு மனிதர் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சிகளைச் செய்விக்கக் கற்றுக்கொடுத்து வீட்டிலும் தொடரச் சொன்னார்கள். நம் நாட்டுக்குப் பொருத்தமான யோசனை. இங்கே குடும்பத்துக்குப் பஞ்சமில்லை, தெரபிஸ்டுகளுக்குத்தான் பஞ்சம். 2017-இல் வந்த முடிவு வேறு கதை சொன்னது. ஆறு மாதத்தில் இறந்தோர், பிறரைச் சார்ந்தோர் விகிதம் இரண்டு பக்கமும் 47 சதவிகிதம். கடுகளவு வித்தியாசம் இல்லை. மறுவாழ்வுப் பயிற்சியும் வார்டு பராமரிப்பும் ஒன்றல்ல என்பது தெரிந்ததே. ஆனாலும் பாசமுள்ள மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தால் போதும், பயிற்சி பெற்றவரின் இடத்தை நிரப்பிவிடலாம் என்று நம்பித்தான் நம் பொது மருத்துவமனைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. குமிழைத் திருகிய மகன் என்ற முறையில் எனக்கு அந்த நம்பிக்கை குறைவு.

மும்பையில் முப்பது வருஷம் மெடிக்கல் வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் எங்கள் குடும்ப நண்பர். நாகர்கோவில்காரர். அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இரவு இரண்டரை மணி. ஒரே நர்ஸ். ஏழாம் படுக்கையில் இதய நோயாளி எழுந்து உட்கார்ந்து மூச்சு முட்டுகிறது என்று வார்டே விழிக்கும்படி கத்துகிறார். பத்தொன்பதாம் படுக்கையில் பக்கவாதம் வந்த அம்மாள். தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கிறது என்று மருமகள் ஓடிவருகிறார். பன்னிரண்டாம் படுக்கையில் நுரையீரல் நோயாளி. நள்ளிரவு வரை புரண்டவர் இப்போது அமைதியாகத் தூங்குகிறார். முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?

அவர் யோசிக்கவே இல்லை. "ஏழாம் நம்பரைத் தாண்டிப் போகும்போதே அவர் மகனிடம், 'அப்பாவை நிமிர்த்திவை, காலைத் தொங்கவிடு' என்று சத்தம் போட்டுவிட்டுப் போவேன். கத்துகிறவருக்குக் கத்துவதற்காவது மூச்சு இருக்கிறது. பத்தொன்பதுக்குப் போய் அந்த அம்மாளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைச் சுத்தம் செய்து உறிஞ்சி எடுப்பேன். ஒரு நிமிஷ வேலை. மருமகளை டாக்டருக்கு அனுப்புவேன். திரும்பி வந்து ஏழாம் நம்பருக்கு ஊசி, பிரஷர் எல்லாம்."

"பன்னிரண்டு?"

"அதுதான் நீங்கள் வைத்த பொறி. வார்டு பாய் இருந்தால், முதலிலேயே அவனிடம் 'பன்னிரண்டைத் தட்டி எழுப்பு, பேர் கேள்' என்று சொல்லியிருப்பேன். பேர் சொன்னால் தூங்கட்டும். சொல்லாவிட்டால் எனக்கு ஏழும் பத்தொன்பதும் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் தம்பி, ராத்திரி இரண்டரை மணிக்கு வார்டு பாய் எங்கே இருப்பான்?"

இன்னொன்றும் சொன்னார். எந்த வார்டிலும் சார்ட்டை எடுத்துப் பாருங்கள், மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் எல்லோருக்கும் நிமிஷத்துக்கு 18 அல்லது 20 என்று எழுதியிருக்கும் என்றார். மூட்டுவலிக்காரருக்கும் 18. மூச்சுத்திணறிச் சாகக் கிடப்பவருக்கும் 18. காய்ச்சலைத் தெர்மாமீட்டரும் பிரஷரை மெஷினும் சொல்லிவிடும். மூச்சை மட்டும் ஒரு மனிதர் நின்று, நெஞ்சைப் பார்த்து, ஒரு முழு நிமிஷம் எண்ணவேண்டும். உடம்பு கவிழப்போவதை முன்கூட்டிச் சொல்லும் அறிகுறிகளில் முதல் வரிசையில் இருப்பது அது. 24, 28 என்று ஏறத் தொடங்கும்போதே பிடித்துவிட்டால் மாலையில் செய்யவேண்டியதைக் காலையில் செய்துவிடலாம். "பொய் எழுதுகிறோம் என்று எங்களுக்குத் தெரியாதா? நாற்பது படுக்கைக்கு நாற்பது நிமிஷம் வேண்டும். ஒரு ரவுண்டுக்கு."

இந்தக் கணக்குதான் எல்லாவற்றையும் தின்கிறது. இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த விதி, போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். தாளில் இது அழகாக இருக்கிறது. எந்த மாநிலத்திலும் ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு இரவில் போய் எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான கணக்குப்படி, ஒரு நர்ஸின் தலையில் கூடுதலாக ஏற்றப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவைசிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் ஏறுகிறது. அவர்கள் ஆறையும் எட்டையும் ஒப்பிட்டார்கள். நாற்பதை ஒப்பிட அவர்களிடம் ஆள் இல்லை.

நர்ஸ்கள் இல்லாமல் இல்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் படித்து முடித்த பெண்கள் வளைகுடாவிலும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளம் பற்றிய வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாக என்றது அந்தக் குழு. வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு 2018-இல் கேரளம் 20,000-ஐச் சட்டப்படியான குறைந்தபட்சமாக்கியது. மற்றப் பல இடங்களில் அது பரிந்துரையாகவே சௌக்கியமாக இருக்கிறது. 1947-ஆம் வருஷத்து நர்ஸிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய கமிஷனுக்கான சட்டம் 2023-இல் நிறைவேறியது. பாடத்திட்டம், பதிவேடு, கல்லூரி அங்கீகாரம் எல்லாம் அதில் உண்டு.

எண்ணிக்கை மட்டும் போதாது. ஆஸ்திரேலிய நர்ஸ்கள் 37.5-ஐப் பார்த்ததும் பாராசிட்டமால் கொடுத்தார்கள். யாரையும் எழுப்பிக் கையெழுத்து வாங்கவில்லை. நடைமுறை எழுத்தில் இருந்தது. நம் வார்டில் நான் ஏற்றிய குமிழை இறக்குவதற்குக்கூட, கறாராகப் பார்த்தால், டாக்டரின் உத்தரவு வேண்டும். 'ஆக்ஸிஜன் கொடுக்கவும்' என்றுதான் கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். '88-92 நிற்குமாறு' என்று எழுதும் டாக்டர் அபூர்வம். அந்த ஒரு வரி இருந்தால் நர்ஸுக்கு அதிகாரம் வந்துவிடுகிறது. இல்லாவிட்டால், இறக்கிய பிறகு நோயாளிக்கு ஏதாவது நேர்ந்தால், பழி அவருடையது. தொலைந்த தெர்மாமீட்டருக்கு நர்ஸின் சம்பளத்தில் பிடிக்கிற நிர்வாகங்கள் இருக்கும் நாட்டில், கோட்டயத்துப் பெண் அன்றைக்கு எடுத்தது சின்ன முடிவில்லை.

காலையில் டியூட்டி முடிந்து கிளம்பும் முன் அவர் வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, அப்பாவின் தலைக்கு மேலிருந்த குமிழின் குறுக்கே ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் இந்தியில் எழுதினார்: கை வைக்காதே. பக்கத்துப் படுக்கை மைத்துனர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வார்டில் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்த குமிழ்கள் பதினொன்று என்று எண்ணினேன். மற்றதற்கும் இப்படி ஒட்டிவிடலாமே என்று அன்றிரவு அவர் வந்ததும் கேட்டேன். பிளாஸ்திரி தீர்ந்துவிட்டது, இண்டென்ட் போட்டிருக்கிறது, திங்கட்கிழமை ஸ்டோர் திறந்தால் வரும் என்றார்.